பூரட்டாதி அருகே ஒரு பெருங்கோள்

ஐப்பசி மாதத்தில் மழை மேகம் விலகிய ஓர் இரவில், எட்டு மணியளவில் அண்ணாந்து பார்ப்போமானால், ஏறத்தாழ உச்சி வானில் நான்கு விண்மீன்கள் பெரியதொரு சதுரமாக நிற்பதைக் காணலாம். அச்சதுரத்தின் மேற்குப் பக்கத்து இரண்டையும் நம் முன்னோர் பூரட்டாதி என்றனர். கிழக்குப் பக்கத்து இரண்டையும் உத்திரட்டாதி என்றனர். மேனாட்டார் இப்பகுதியைப் பெகாசசு என்னும் சிறகு முளைத்த குதிரையாகக் கற்பனை செய்தனர். பூரட்டாதியின் இரு விண்மீன்களுக்கும் இடையே, சற்று மேற்கே தள்ளி, மங்கலான விண்மீன் ஒன்று உண்டு. நகரத்து விளக்கொளியில் அது தென்படாது. இருள் நிறைந்த சிற்றூரில், கூரிய கண் உடையவர்க்கே புலப்படும். வானியல் அட்டவணையில் அதன் பெயர் 51 பெகாசி. அது நம் கதிரவனை ஒத்த விண்மீன். நம்மிடமிருந்து ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்றிரவு நம் கண்ணை வந்தடையும் அதன் ஒளி, இன்று முதுமையின் வாயிலில் நிற்போர் பள்ளிச் சிறுவராய் இருந்த நாளில் அங்கிருந்து புறப்பட்டது.

1995ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள். கலிலேயோவின் கல்லறை அமைந்துள்ள இத்தாலியின் புளோரன்சு நகரில், விண்மீன் ஆய்வாளர்களின் மாநாடு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஜெனீவா வானாய்வகத்தைச் சேர்ந்த மிஷேல் மயோர் என்பவர், தாமும் தம் மாணவர் திதியே கெலோவும் கண்டறிந்த ஒன்றை அங்கே அறிவித்தார். 51 பெகாசியை ஒரு கோள் சுற்றி வருகிறது; அதன் நிறை குறைந்தது வியாழனின் பாதியளவு, அதாவது பூமியைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு; அது தன் விண்மீனை ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம் நாலேகால் நாளுக்கும் சற்றுக் குறைவு.

நாலேகால் நாளில் ஓர் ஆண்டா? கேட்டவர்கள் திகைத்தனர். நம் வியாழன் கதிரவனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. கதிரவனுக்கு மிக நெருங்கிய புதனுக்கே 88 நாள்கள் வேண்டும். இந்தப் புதிய கோளோ, புதன் இருக்கும் தொலைவில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத நெருக்கத்தில், 78 இலட்சம் கிலோமீட்டர் அளவிலேயே, ஏறத்தாழ ஆயிரம் பாகை வெப்பத்தில் சுழன்றுகொண்டிருந்தது. பெருங்கோள்கள், தண்ணீர் பனிக்கட்டியாய் உறையும் தொலைவான குளிர்ப் பகுதியில்தான் திரண்டு உருவாக இயலும் என்பது அந்நாள் வரை ஏற்கப்பட்டிருந்த கொள்கை. அக்கொள்கையில் இக்கோளுக்கு இடமே இல்லை.

மயோரும் கெலோவும் அடைந்த வெற்றியைப் பலர் எழுதியுள்ளனர். அவர்கள் 2019இல் நோபல் பரிசும் பெற்றனர். ஆனால் அந்த வெற்றிக்கு முன்னே, ஏறத்தாழ 140 ஆண்டுக் காலம், இதே தேடலில் தவறியவர்கள் வரிசையாய் நிற்கின்றனர். சிலர் இல்லாததைக் கண்டனர். சிலர் இருந்ததைக் கண்டும் இல்லையென்றனர். தம் தவற்றை அறிந்தபோது அவர்கள் என்ன செய்தனர் என்பதே இந்த வரலாற்றில் நம்மை மிகவும் தொடுகின்ற பகுதி. ஆகவே அவர்களோடு தொடங்குகிறோம்.

விண்மீன்களுக்கும் நம் உலகைப்போல் உலகங்கள் உண்டா என்னும் கேள்வி தொலைநோக்கிக்கு முந்தியது. உலகம் ஒன்றே, வேறோர் உலகம் இருத்தல் இயலாது என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். புனித தாமஸ் அக்குவினாசும் உலகம் ஒன்றே என்று கொண்டார். ஆனால் கி.பி. 1277ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், பாரிசு நகர ஆயர் எத்தியேன் தாம்பியே, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வழங்கிய 219 கூற்றுகளைக் கண்டித்து ஆணையிட்டார். அவற்றுள் ஒன்று, முதற்காரணராகிய இறைவனால் ஒன்றுக்கு மேற்பட்ட உலகங்களைப் படைக்க இயலாது என்பது. பல உலகங்கள் உண்டு என்று ஆயர் சொல்லவில்லை. இறைவனால் இயலாது என்று சொல்ல நீ யார் என்று மட்டுமே கேட்டார். அந்த ஆணை பல நல்ல சிந்தனைகளையும் சேர்த்தே தாக்கியது என்பது உண்மை. ஆயினும் இந்த ஒரு கூற்றைப் பொறுத்தவரை, அடைத்திருந்த ஒரு கதவை அது திறந்துவிட்டது.

அக்கதவின் வழியே நடந்தவர்களுள் ஒருவர் கூசா ஊர் நிக்கோலாசு. அவர் 1440இல் முடித்த நூலொன்றில், அண்டத்திற்கு எல்லையும் இல்லை, நடுவும் இல்லை. மற்ற விண்மீன்களிலும் வாழ்வோர் இருக்கலாம் என்று எழுதினார். எட்டாண்டுகள் கழித்து அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். நூற்றைம்பது ஆண்டுகள் சென்றபின் காலம் மாறியிருந்தது. எண்ணற்ற கதிரவன்களை எண்ணற்ற பூமிகள் சுற்றுகின்றன என்று எழுதிய ஜியார்தானோ புரூனோ, 1600 பெப்ரவரி 17 அன்று உரோமையில் எரிக்கப்பட்டார். கிறிஸ்துவைக் குறித்தும் மூவொரு இறைவனைக் குறித்தும் அவர் கொண்டிருந்த கருத்துகளே அவர்மீது சுமத்தப்பட்ட பெருங்குற்றங்கள் என்பர். பல உலகங்கள் உண்டு என்றதும் அக்குற்றங்களின் பட்டியலில் இருந்தது. எதுவாயினும், ஒரு மனிதரை அவர் கருத்துக்காக எரித்ததற்குச் சமாதானம் சொல்ல நாம் முற்படவில்லை. 2000ஆம் ஆண்டில், வத்திக்கான் நாட்டுச் செயலர் கர்தினால் சொடானோ அதற்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

புரூனோ சொன்னது வெறும் ஊகம். அதை மெய்ப்பிப்பது எவ்வாறு? விண்மீனின் பேரொளியில் அதன் கோள் மறைந்துபோகிறது. கலங்கரை விளக்கின் அருகே பறக்கும் மின்மினியைக் கடலின் மறுகரையிலிருந்து காண்பது போன்ற செயல் அது. ஆனால் கோளைக் காணாமலே கோளை அறிய ஒரு வழி உண்டு. தந்தை ஒருவர் தம் சிறு மகளின் கைகளைப் பற்றிக்கொண்டு தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருக்கிறோம். சிறுமி பெரிய வட்டமாகச் சுழல்கிறாள்; தந்தை நின்ற இடத்திலேயே சுழல்வதுபோல் தோன்றினாலும், அவர் உடலும் பின்னோக்கிச் சாய்ந்து ஒரு சிறு வட்டமிடுகிறது. சிறுமி இருளில் மறைந்திருந்தாலும், தந்தையின் தள்ளாட்டத்தைக் கொண்டே அவர் கையில் யாரோ இருப்பதை அறிந்துகொள்ளலாம். விண்மீன்களின் தள்ளாட்டத்தைத் தேடுவதே அந்த வழி.

இத்தேடலின் தொடக்க நாள்களில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அமைத்த வானாய்வகம் ஒன்று இருந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அந்த ஆய்வகத்தின் பொறுப்பில் 1848 முதல் பத்தாண்டுகள் இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களை அளப்பதில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. அவற்றுள் 70 ஒபியூக்கி என்னும் இணை, கணக்கிட்ட பாதையில் செல்லாமல் சற்றே பிறழ்வதாக அவருக்குத் தோன்றியது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோள் அதனை இழுப்பதாகலாம்; அதற்கு வாய்ப்பு மிகுதி என்று அவர் 1855இல் இலண்டன் வானியல் கழகத்தின் இதழில் எழுதினார். வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று, அளவைகளைக் காட்டி, அறிவியல் இதழொன்றில் முன்வைக்கப்பட்ட முதல் வாதம் என்று இதையே வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். சென்னையின் புழுக்கத்தில், சிறியதொரு தொலைநோக்கியின் முன் அமர்ந்து எழுந்த வாதம் அது!

ஆனால் அது தவறு. அளவைகளில் படிந்த சிறு பிழைகளே ஜேக்கப்பின் கண்ணுக்குக் கோளாய்த் தோன்றின. நலிந்த உடல்நிலை காரணமாகத் தாயகம் திரும்பிய அவர், 1862இல் மீண்டும் இந்தியா வந்து, புனேயில் இறந்தார். 1896இல் அதே விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அமெரிக்கரான தாமஸ் சீ அடித்துச் சொன்னார். அப்படியொரு கோள் அங்கே நிலைத்திருக்க முடியாது என்று மௌல்டன் என்னும் இளைஞர் 1899இல் கணக்கிட்டுக் காட்டினார். சீ சினந்து எழுதிய மடல் அவருடைய மதிப்பைத்தான் குலைத்தது. ஜேக்கப் 'வாய்ப்பு மிகுதி' என்ற அளவில் நிறுத்தினார், சீ நிறுத்தவில்லை. இருவரும் தவறினர் என்றாலும், இரு தவறுகளும் ஒன்றல்ல என்று நாம் கருதுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் இத்தேடலுக்குத் தம் வாழ்நாளையே கொடுத்தவர் பீட்டர் வான் டி காம்ப். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். பென்சில்வேனியாவில் சுவார்த்மோர் கல்லூரியின் ஸ்ப்ரோல் வானாய்வகத்தை நடத்தினார். இசையிலும் வல்லவர், கல்லூரி இசைக்குழுவை வழிநடத்தியவர். அவர் தேர்ந்துகொண்டது, ஆறு ஒளியாண்டுத் தொலைவிலே உள்ள பர்னார்டு விண்மீன். 1938 முதல் ஆண்டுதோறும் அதனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து, அருகிலுள்ள மற்ற விண்மீன்களோடு ஒப்பிட்டு, அதன் இடத்தை அளந்து வந்தார். தகடுகள் இரண்டாயிரத்திற்கும் மேலாயின. கால் நூற்றாண்டு உழைப்பின் முடிவில், 1963இல், வியாழனைவிடச் சற்றுப் பெரிய கோள் ஒன்று 24 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்விண்மீனைச் சுற்றுவதாக அறிவித்தார். பின்னர், 1969இல், இரண்டு கோள்கள் என்றும் சொன்னார். உலகம் நம்பியது. பாடநூல்களிலும் அது ஏறியது.

1973இல் இரு திசைகளிலிருந்து இடி விழுந்தது. கேட்வுட், ஐக்கார்ன் என்னும் இருவர் வேறு தொலைநோக்கிகளில் எடுத்த தகடுகளை அளந்து பார்த்தனர். தள்ளாட்டம் எதுவும் இல்லை. அதே ஆண்டில், வான் டி காம்ப்பின் ஆய்வகத்திலேயே பணிபுரிந்த ஜான் ஹெர்ஷி, பர்னார்டு விண்மீன் 'தள்ளாடிய' அதே காலங்களில் வேறொரு விண்மீனும் அதேபோல் தள்ளாடியிருப்பதைக் கண்டார். காரணம் வானத்தில் இல்லை. 1949இல் தொலைநோக்கியின் வில்லையைத் தாங்கும் கூடு மாற்றப்பட்டிருந்தது. பின்னரும் ஒருமுறை வில்லை சரிசெய்யப்பட்டிருந்தது. கருவியைத் தொட்டபோதெல்லாம் விண்மீன்கள் அசைந்தன!

வான் டி காம்ப் இதை ஏற்கவேயில்லை. ஓய்வுக்குப் பின்னும் தம் கோள்களுக்காகவே எழுதிக்கொண்டிருந்தார். அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. இரவிரவாய்க் குளிரில் நின்று முப்பத்தைந்து ஆண்டுகள் சேர்த்த தகடுகளை, தம் கையால் பேணிய கருவியே பொய்த்தது என்று ஒப்புக்கொள்வது எளிதா? ஆயினும் ஒப்புக்கொள்ளாதது தவறே. 1995 மே மாதம் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவர் காலமானார். இன்னும் ஐந்து மாதங்கள் வாழ்ந்திருந்தால், புளோரன்சு செய்தி அவர் காதில் விழுந்திருக்கும்.

இதற்குள் தேடலின் முறை மாறியிருந்தது. விண்மீன் இடமும் வலமும் அசைவதை அளப்பதைவிட, நம்மை நோக்கி வருவதையும் விலகுவதையும் அளப்பது எளிது என்று கண்டனர். நம்மை நெருங்கி வரும் தொடர்வண்டியின் ஊதல் கூர்மையாகவும், கடந்து போகையில் தாழ்ந்தும் ஒலிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஒளியும் அவ்வாறே என்று கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் பிராகா நகரில் எடுத்துரைத்தார். விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் நுண்ணிய கருங்கோடுகள் தெரியும். விண்மீன் நெருங்கும்போது அவை நீல நிறத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் சற்றே நகரும். இந்த நிறமாலைகளைக் கொண்டு நாலாயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன்களை முதன்முதல் வகைப்படுத்தியவர், உரோமையில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் கூரைமீது தொலைநோக்கி அமைத்திருந்த இயேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி என்பதை இங்கே நினைவுகூர்வோம்.

கோளால் உண்டாகும் நகர்வு மிக மிகச் சிறியது. வியாழன் நம் கதிரவனை ஆட்டும் வேகம் நொடிக்கு 12 மீட்டர் அளவே. நம் ஊர்ப் பேருந்தின் வேகம் அது. அவ்வளவு பெரிய நெருப்புருண்டையில், அத்தனை ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து, ஒரு பேருந்தின் வேகத்தை அளந்தாக வேண்டும். அதிலும் 12 ஆண்டுகள் பொறுத்திருந்து அளக்க வேண்டும். ஏனெனில் பெருங்கோள் என்றால் வியாழன்போல்தான் இருக்கும் என்று எல்லாரும் எண்ணினர்.

எல்லாரும் என்பது சரியன்று. 1952இலேயே ஆட்டோ ஸ்ட்ரூவ என்னும் வானியலார், பெருங்கோள் ஒன்று தன் விண்மீனுக்கு மிக அருகில், ஓரிரு நாளில் சுற்றி வரும்படி இருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தார். அப்படி ஒன்று இருந்தால் அன்றைய கருவிகளுக்கே அது சிக்கலாம் என்றும் எழுதினார். இரண்டு பக்கம் அளவேயுள்ள குறிப்பு அது. நாற்பது ஆண்டுகள் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை.

கனடா நாட்டவரான கோர்டன் வாக்கர், புரூசு கேம்பெல் ஆகியோரின் கதை இவ்வரலாற்றில் மிகவும் துயரமானது. 1980களின் தொடக்கத்தில், நொடிக்கு 15 மீட்டர் அளவுக்கு நுட்பமாக விண்மீன்களின் வேகத்தை அளக்கும் முறையை உருவாக்கியவர்கள் இவர்களே. ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் கொடிய நச்சு வாயுவை ஒரு குழலில் சூடேற்றி அடைத்து, விண்மீன் ஒளியை அதன் வழியே செலுத்தி, அவ்வாயுவின் கோடுகளையே அளவுகோலாகக் கொண்டனர். குழல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையுச்சியில், ஆண்டுக்குச் சில இரவுகளே அவர்களுக்குக் கிடைத்தன. 1988இல், காமா செஃபீ என்னும் விண்மீனின் வேகத்தில் ஒரு கோளின் சாயலைக் கண்டு, அதனை அடக்கமாகவே வெளியிட்டனர். ஐயங்கள் எழுந்தன. அந்த அசைவு விண்மீனின் சொந்தச் சுழற்சியாலும் வரலாம் என்று தோன்றவே, 1992இல் தங்கள் கருத்தைத் தாங்களே பின்வாங்கினர். நிலையான பணி எதுவும் அமையாத கேம்பெல், அதற்கு முன்பே மனம் கசந்து வானியலை விட்டு விலகிப்போனார். எஞ்சியவர்கள் பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் முடிவை 1995 ஆகஸ்டில் அச்சிட்டனர்: ஆராய்ந்த 21 விண்மீன்களில் வியாழனை ஒத்த கோள் எதுவும் இல்லை. இரண்டே மாதத்தில் புளோரன்சு அறிவிப்பு வந்தது.

காலவரிசையில் சற்றே பின்னால் சென்று, வேறொரு பின்வாங்கலையும் சொல்ல வேண்டும். 1991 ஜூலையில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ லைன் குழுவினர், இறந்த விண்மீனின் எச்சமாகிய ஒரு துடிப்பு விண்மீனை ஆறு மாதத்திற்கு ஒருமுறை சுற்றும் கோளைக் கண்டதாக அறிவித்தனர். உலகெங்கும் பரபரப்பு. 1992 சனவரியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், வானியலார் நிறைந்த பேரவையில் அதைப்பற்றி விளக்க அவர் அழைக்கப்பட்டிருந்தார். ஆனால் புறப்படுமுன்னரே தம் கணக்கில் ஒரு பிழையை அவர் கண்டுபிடித்துவிட்டார். பூமி கதிரவனைச் சுற்றும் பாதை சரியான வட்டமன்று என்பதை முறையாகக் கணக்கில் சேர்க்கத் தவறியிருந்தனர்; கோளென்று கண்டது நம் பூமியின் ஆட்டமே! அவர் பேரவையின் முன் நின்று, கோள் இல்லை, பிழை எங்களுடையது என்று விளக்கினார். அவர் முடித்தபோது அவை எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. நம் மனத்தில் அந்தக் கைதட்டல் எந்தப் பரிசுக்கும் குறைந்ததன்று. அவருக்கு அடுத்துப் பேசிய அலெக்சாண்டர் வோல்சான் அறிவித்ததும் துடிப்பு விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோள்களைப் பற்றியதே. அவருடைய கணக்கு பிழைக்கவில்லை. கதிரவக் குடும்பத்திற்கு வெளியே மெய்ப்பிக்கப்பட்ட முதல் கோள்கள் அவையே. ஆனால் அவை சுற்றியது செத்துப்போன விண்மீனை. உயிருள்ள ஒரு கதிரவனைச் சுற்றும் கோள் இன்னும் அகப்படவில்லை.

இனி ஜெனீவாக்காரர்களிடம் வருவோம். மயோரின் குழு தென்பிரான்சில் ஓத் புரோவான்சு வானாய்வகத்தின் 1.93 மீட்டர் தொலைநோக்கியில் எலோடி என்னும் புதிய நிறமாலைக் கருவியைப் பொருத்தியது. அதன் நுட்பம் நொடிக்கு 13 மீட்டர். கனடியர்களின் நுட்பத்தை ஒத்ததே. ஆனால் அவர்கள் 142 விண்மீன்களை எடுத்துக்கொண்டனர். அதைவிட முக்கியமானது, விண்மீனைப் பார்த்து முடித்த சில நிமிடங்களிலேயே கணிப்பொறி அதன் வேகத்தைச் சொல்லிவிடும். அந்தக் கணிப்பு நிரலை எழுதியவர், அப்போது முனைவர் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்த 28 வயதுக் கெலோ.

1994ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மயோர் ஓய்வாண்டு விடுப்பில் ஹவாய் சென்றிருந்தார். கெலோ தனியே பார்த்துக்கொண்டிருந்தார். 51 பெகாசியின் வேகம் ஒருநாள் போல் மறுநாள் இல்லை. அவர் அஞ்சினார். தம் நிரலில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணினார்; ஆசிரியரிடம் சொல்லவே தயங்கினார். மீண்டும் மீண்டும் அளந்தார். கோளாறு இல்லை. நாலேகால் நாளுக்கு ஒருமுறை அந்த விண்மீன் நொடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் வேகத்தில் வருவதும் போவதுமாக இருந்தது. அது ஒளியின் வேகத்தில் ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்கு.

மயோர் திரும்பி வந்து அளவைகளைப் பார்த்தார். அவர் நெஞ்சிலும் ஐயமே முந்தியது. வான் டி காம்ப்புக்கு நேர்ந்ததை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அப்போது 51 பெகாசி கதிரவனின் ஒளிக்குப் பின்னே மறையும் பருவம் வந்துவிட்டது. அவர்கள் அறிவித்துவிட்டுக் காத்திருக்கவில்லை, அறிவிக்காமல் காத்திருந்தனர். விண்மீன் மீண்டும் தோன்றும்போது, அதாவது ஜூலை மாதத்தில், இன்ன இரவில் இன்ன வேகத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு எழுதி வைத்தனர். ஜூலையில் குடும்பத்தாரோடு ஓத் புரோவான்சு சென்றனர். முதல் இரவு கணக்கோடு ஒத்தது. அடுத்த இரவும் ஒத்தது. அதன்பிறகே அந்த அசைவு விண்மீனின் கரும்புள்ளிகளாலோ துடிப்பாலோ எழவில்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கட்டுரை எழுதலாயினர். கட்டுரை நவம்பர் 23ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வந்தது.

புளோரன்சு அறிவிப்பைக் கேட்டதும், கலிபோர்னியாவில் லிக் வானாய்வகத்தில் எட்டாண்டுகளாகக் கோள் தேடிவந்த மார்சி, பட்லர் ஆகியோர் நான்கு இரவுகள் அந்த விண்மீனையே நோக்கினர். கோள் அங்கே இருந்தது. அவர்களுடைய பெட்டிகளில் ஆண்டுக்கணக்கான அளவைகள் கணக்கிடப்படாமல் கிடந்தன. கணிப்பொறி வசதி போதாதது ஒரு காரணம். பெருங்கோளுக்குப் பத்தாண்டுகள் ஆகுமே, என்ன அவசரம் என்று எண்ணியது மற்றொரு காரணம். இப்போது அவற்றை அள்ளிக்கொண்டு கணக்கிட்டனர். 1996 சனவரியில் மேலும் இரு கோள்களை அறிவித்தனர். கருவி எல்லாரிடமும் இருந்தது. 'இப்படி இருக்க இயலாது' என்னும் முன்முடிவே திரையாய்த் தொங்கிற்று. 1277இல் பாரிசு ஆயர் கண்டித்த சொல்லும் அந்த 'இயலாது' அல்லவா?

ஐயம் அத்துடன் ஓயவில்லை. கனடாவின் டேவிட் கிரே, அது கோளன்று, விண்மீனின் மேற்பரப்பு துடிப்பதே அவ்வாறு தோன்றுகிறது என்று 1997இல் 'நேச்சர்' இதழிலேயே வாதிட்டார். அவ்வாதம் நின்றால், இதே வகையான கோள்கள் பலவும் ஐயத்திற்கு உள்ளாகியிருக்கும். கிரே அடுத்து என்ன செய்தார்? தாமே இன்னும் நுட்பமாக அளந்தார். தாம் முன்பு கண்ட துடிப்பு அவற்றில் இல்லை. 1998 சனவரியில் அதே இதழில், தம் வாதம் நிற்கவில்லை என்று தாமே எழுதினார். 1999இல் வேறொரு விண்மீனின் முன்னே இத்தகைய கோள் ஒன்று குறுக்கே கடந்துசெல்வதும், அப்போது விண்மீனின் ஒளி சற்றே மங்குவதும் காணப்பட்டன. கோளின் நிழலையே கண்டபின் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தப் பெருங்கோள் தன் விண்மீனுக்கு அத்தனை அருகில் வந்தது எப்படி? அது தொலைவிலே பிறந்து, விண்மீனைச் சூழ்ந்திருந்த வாயுத்தட்டினால் இழுக்கப்பட்டு மெல்ல மெல்ல உள்நோக்கி நகர்ந்திருக்கலாம் என்று டக்ளஸ் லின் முதலானோர் 1996இல் விளக்கினர். மற்றொரு கோளோடு மோதாக்குறையாக நெருங்கித் தூக்கியெறியப்பட்டு வந்திருக்கலாம் என்போரும் உளர். இவ்வகைக் கோள்களை 'வெப்ப வியாழன்கள்' என்கின்றனர். முதலில் சிக்கியவை அவையே என்றாலும், உண்மையில் அவை அரியவை. கதிரவனை ஒத்த நூறு விண்மீன்களில் ஒன்றுக்கு இருந்தாலே மிகுதி. 2015இல் நம் கோளுக்கு முறைப்படி 'டிமிடியம்' என்று பெயரிட்டனர். இலத்தீனில் பாதி என்று பொருள், வியாழனில் பாதி என்பதால். வானியலார் இன்னும் பழைய எண்ணையே சொல்லிவருகிறார்கள் என்பது வேறு. 2025 செப்டம்பரில், உறுதிசெய்யப்பட்ட வெளிக்கோள்களின் எண்ணிக்கை 6000ஐ எட்டியதாக நாசா அறிவித்தது.

பழைய கணக்குகள் சில பின்னர்த் தீர்ந்தன. 2003இல், இன்னும் பல ஆண்டு அளவைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, காமா செஃபீயைச் சுற்றி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை பெருங்கோள் ஒன்று வருவது உறுதியாயிற்று. கேம்பெலும் வாக்கரும் 1988இல் கண்ட அதே கோள் அது. பின்வாங்கியிருக்கத் தேவையில்லை. ஆயினும் அன்று கையிலிருந்த சான்றுக்கு அவர்கள் செய்ததே நேர்மை.

பர்னார்டு விண்மீனுக்கும் கோள் உண்டு. 2024 அக்டோபரில் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2025இல் நான்கு என்று உறுதியாயிற்று. நான்கும் பூமியைவிடச் சிறியவை. அவற்றுள் எதன் ஆண்டும் ஏழு நாள்களைத் தாண்டுவதில்லை. வான் டி காம்ப்பின் கண்ணாடித் தகடுகளில் அவற்றின் சுவடு பதிந்திருக்க வழியே இல்லை.